இருநூறு அடி

சிவகாசிப் பக்கம் ஏதாவது பட்டாசு ஆலைக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? லேசில் விடமாட்டார்கள். அப்படியே விட்டாலும் செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாசலில் வாங்கி வைத்துக்கொண்டுதான் அனுப்புவார்கள்.

உள்ளே போனால் முதலில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கும். ஆலை என்றதும் பெரிய கட்டடம், வரிசையாக மெஷின், ஒரே இரைச்சல் என்று கற்பனை பண்ணியிருப்பீர்கள். இங்கே பொட்டல் காடு. வேப்ப மரங்கள். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. எந்தப் பக்கம் தீப்பிடித்தாலும் இன்னொரு பக்கம் ஓடுவதற்கு வாசல். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடைவெளி, ஆலைக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளி. எல்லாவற்றுக்கும் சட்டத்தில் கணக்கு உண்டு. 1884-ல் வெள்ளைக்காரன் போட்ட வெடிபொருள் சட்டம்தான் இன்றைக்கும் தாய்ச்சட்டம். விதிகளை மட்டும் 1940, 1983, 2008 என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். 'நாக்பூர் லைசென்ஸ்' என்று எங்கள் ஊரில் சின்னப் பையன்கூடச் சொல்வான். வெடிபொருள் துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருக்கிறது. அவர்கள் கொடுப்பது.

இந்தத் தூரக் கணக்கில் ஓர் அர்த்தம் இருக்கிறது. மருந்து எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெடித்தால் பக்கத்து அறைக்கு, பக்கத்து ஊருக்குப் பரவக்கூடாது. அதனால் தள்ளி வை!

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்தது. செத்தவர்கள் சுமார் நாற்பது பேர். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு, யாரையாவது காப்பாற்ற முடியுமா என்று பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளம். இருபதுக்கும் மேல்.

இவ்வளவு நடந்த பிறகும் மறுநாள் காலையில் வேன் வரும். தூக்குச்சட்டியோடு ஜனம் ஏறிப் போகும். மருந்துக்குப் பக்கத்தில் வாழக் கற்றுக்கொண்ட ஊர் இது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் ஒரு நாள் 'எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இது வரவே கூடாது' என்று வரிந்துகட்டிக்கொண்டு நின்றால், வரப்போவது எவ்வளவு பயங்கரமானதாக இருக்க வேண்டும்?

சொல்கிறேன். நின்றவர்களில் நானும் ஒருவன்.

பதினைந்து வருஷம் இருக்கும். விருதுநகருக்கு வெளியே, அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த ஒரு நகரில் கடன் வாங்கி வீடு கட்டியிருந்தேன். சுவருக்கு இன்னும் இரண்டாவது கோட் பெயின்ட் அடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர் வீட்டு அண்ணாச்சி கையில் ஒரு ஃபைலோடு வந்தார்.

''தம்பி, கோடிப் பிளாட்டு இருக்குல்ல... அதுல என்ன வருது தெரியுமா?''

''என்ன அண்ணாச்சி, மில்லா?''

''மில்லு வந்தாக்கூடப் பரவால்லையே! மறுவாழ்வு இல்லமாம். குடிச்சுக் கெட்டவன், பைத்தியம் தெளிஞ்சவன், எல்லாரையும் கொண்டாந்து வெக்கப் போறாங்களாம். நாளைக்குத் திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீஸ்ல மனு. ஒரு கையெழுத்துப் போடுங்க.''

விஷயம் இதுதான். சிகிச்சை முடிந்து, ஆனால் வீட்டார் கூட்டிப்போகாத இருபது பேரைத் தங்க வைத்து, பைண்டிங், கவர் ஒட்டுதல் என்று கைத்தொழில் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டு நிறுவனம் அந்த மனையை வாங்கியிருந்தது. மனை 'குடியிருப்பு' என்ற வகையில் இருந்தது. அதை 'நிறுவனம்' என்ற வகைக்கு மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் போட்டிருந்தார்கள். இதற்கு 'நில உபயோக மாற்றம்' என்று பெயர். 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி ஓர் ஊரின் நிலத்தையெல்லாம் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என்று வகை பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமானால் பேப்பரில் விளம்பரம் வரும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தைச் சாதாரணமாக யாரும் படிப்பதில்லை. அண்ணாச்சி படித்திருந்தார்.

மனுவை வாங்கிப் பார்த்தேன். பதினோரு காரணங்கள். தண்ணீர்ப் பற்றாக்குறை. குறுகலான ரோடு. கழிவுநீர் போக வழி இல்லை. பக்கத்தில் நர்சரி ஸ்கூல். பெண்கள் நடமாட முடியாது. தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. (சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எழுதியிருந்தார்கள்!) ஒரு காரணத்தை மட்டும் எழுதவில்லை. அதை அண்ணாச்சி படியில் இறங்கும்போது சொன்னார்.

''சென்ட்டு என்ன விலை போட்டு வாங்குனீங்க தம்பி? இது வந்துச்சுன்னா பாதிக்குக்கூடக் கேக்க ஆள் இருக்காது.''

நான் பி.காம். படித்தவன். மனசுக்குள் பாலன்ஸ் ஷீட் ஓடியது. கடன் இந்தப் பக்கம், வீட்டு மதிப்பு அந்தப் பக்கம். கையெழுத்துப் போட்டுவிட்டேன். முப்பத்தேழாவது கையெழுத்து.

அதற்கப்புறம் ரொம்ப நாள் கழித்து வேறு எதையோ தேடும்போது அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒன்றைப் படிக்க நேர்ந்தது. படித்தபோது வியர்த்தது. எங்கள் மனுவை அப்படியே இங்கிலீஷில் எழுதியது போல இருந்தது.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் நூறு வருஷம் பின்னால் போய்வர வேண்டும்.

சான்ஃபிரான்சிஸ்கோ. 1880-ம் வருஷம். ஊரில் சுமார் 320 சலவைக் கடைகள். அதில் 310 மரக் கட்டடங்களில் இருந்தன. 240 கடைகள் சீனர்களுடையவை. ஊரிலேயே பத்தில் ஒன்பது வீடு மரவீடுதான் என்றாலும் நகரசபைக்குத் திடீரென்று சலவைக் கடைகள் மேல் மட்டும் அக்கறை வந்தது. சலவை என்றால் அடுப்பு, வெந்நீர், இஸ்திரிப் பெட்டி. தீப்பிடித்தால்? எனவே மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகரசபையின் அனுமதி வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள்.

நியாயம்தானே என்று தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. அடுத்து நடந்ததைக் கேளுங்கள். சீனர்கள் இருநூறு பேர் அனுமதி கேட்டார்கள். ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. சீனர் அல்லாதவர்கள் எண்பது பேர் கேட்டார்கள். ஒரே ஒருவரைத் தவிர எல்லோருக்கும் கிடைத்தது!

யிக் வோ என்ற கடைக்காரர் அதே கட்டடத்தில் 22 வருஷமாகச் சலவை செய்துகொண்டிருந்தவர். தீத்தடுப்பு அதிகாரிகளே வந்து பார்த்து 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று சான்று கொடுத்திருந்தார்கள். ம்ஹூம், அனுமதி இல்லை. கடையை நடத்தினார். பத்து டாலர் அபராதம். கட்ட மாட்டேன் என்றார். ஜெயில். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1886 மே மாதம் எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: சட்டத்தின் எழுத்தில் பாரபட்சம் இல்லை, அதை நடத்துகிற கையில் இருக்கிறது. செல்லாது.

(ஒரு தகவல். யிக் வோ என்பது அவருடைய பெயரே இல்லை, கடையின் பெயர் என்கிறார்கள். போலீஸிலிருந்து கோர்ட் வரைக்கும் கடைப் பெயராலேயே கூப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் பாதி அண்ணாச்சிகளுக்குக் கடைப் பெயர்தான் பெயர்.)

தீ என்று எழுது, சீனனைத் துரத்து. இந்த வித்தை கோர்ட்டில் தோற்றுப் போனாலும் ஊர்களுக்கு ருசி தெரிந்துவிட்டது. கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்ற ஊரில், வெள்ளையர்கள் அதிகம் உள்ள தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்று வெளிப்படையாகவே சட்டம் போட்டார்கள். 1917-ல் அதுவும் செல்லாமல் போனது. ஆனால் 1926-ல், ஒஹையோவின் யூக்ளிட் என்கிற சின்ன ஊர், 'இந்தப் பகுதியில் வீடு மட்டும், அந்தப் பகுதியில் தொழிற்சாலை' என்று நிலத்தைக் கூறு போட்டதை சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்டது. உலகம் முழுக்க இன்று ஊரமைப்பு வரைபடங்களில் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று வர்ணம் அடித்திருக்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்குச் சட்ட பலம் சேர்த்த தீர்ப்புகளில் இது முக்கியமானது. நம்ம ஊருக்கு அதற்கு முன்னாலேயே 1920-ல் மெட்ராஸ் நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. பேட்ரிக் கெட்டிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1914-15-ல் மதுரை உள்பட மெட்ராஸ் மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

நில வகைப்பாடு கெட்ட விஷயம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாயப்பட்டறை வராமல் தடுப்பது அதுதான். குடியிருப்புக்கு நடுவில் மருந்துக் கிடங்கு வராமல் தடுப்பதும் அதுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு டெக்ஸாஸ் போக வேண்டும்.

டெக்ஸாஸில் கிளிபர்ன் என்று ஓர் ஊர். ரயில்வே பணிமனையால் வளர்ந்த ஊர். 1980 ஜூலையில் அங்கே ஃபெதர்ஸ்டன் தெருவில் 201-ம் எண் வீட்டை ஒரு பெண்மணி வாங்கினார். நாலு பெட்ரூம், இரண்டு பாத்ரூம். மூளை வளர்ச்சி குன்றிய பதின்மூன்று பேரை, ஆணும் பெண்ணுமாக, அங்கே குடிவைப்பது திட்டம். இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு.

அந்தத் தெரு எந்த வகை? அபார்ட்மென்ட் கட்டலாம். மாணவர் விடுதி வரலாம். மருத்துவமனை வரலாம். முதியோர் இல்லம் வரலாம். எதற்கும் தனி அனுமதி வேண்டாம். ஆனால் 'மூளை வளர்ச்சி குன்றியவர்கள், பைத்தியங்கள், குடிகாரர்கள், போதை அடிமைகள்' இவர்களுக்கான இல்லம் என்றால் மட்டும் தனி அனுமதி வாங்க வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அது மட்டுமா? இருநூறு அடிக்குள் சொத்து வைத்திருப்பவர்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும்!

இருநூறு அடி. எங்கள் வீட்டுக்கும் அந்தக் கோடிப் பிளாட்டுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம்.

ஊர்க்கூட்டம் நடந்தது. நகரசபை மூன்றுக்கு ஒன்று என்ற ஓட்டில் அனுமதியை மறுத்தது. என்ன காரணம்? முதலாவது, இருநூறு அடிக்குள் இருக்கிற பெரும்பாலோருக்கு இஷ்டமில்லை. இரண்டாவது, தெருவில் வயதானவர்கள் பயப்படுகிறார்கள். மூன்றாவது, எதிரே பள்ளிக்கூடம், பிள்ளைகள் கேலி செய்வார்கள். நாலாவது, ஐந்நூறு வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரக்கூடிய இடத்தில் வீடு இருக்கிறது. அப்புறம், ஒரே வீட்டில் பதின்மூன்று பேர் என்றால் நெரிசல்.

வழக்கு ஐந்து வருஷம் நடந்தது. 1985 ஜூலை 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நீதிபதி பைரன் ஒயிட் எழுதியது. அவர் காரணங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பள்ளிக்கூடம் என்கிறீர்கள், அந்தப் பள்ளியிலேயே இதே மாதிரி முப்பது பிள்ளைகள் படிக்கிறார்களே? வெள்ளம் என்கிறீர்கள், அதே இடத்தில் மருத்துவமனையும் முதியோர் இல்லமும் வரலாமென்றால் வெள்ளம் அவர்களை மட்டும் விட்டுவிடுமா? நெரிசல் என்கிறீர்கள், இதே வீட்டில் பதின்மூன்று காலேஜ் பையன்கள் தங்கினால் எதுவும் கேட்க மாட்டீர்களே? எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால் பாக்கி நிற்பது ஒன்றே ஒன்று. பிடிக்கவில்லை. அக்கம்பக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதை ஓர் அரசாங்கம் தன் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி, அந்த வீட்டுக்கு அனுமதி கேட்டதே சட்டவிரோதம் என்றார். தீர்ப்பின் சட்ட நுணுக்கத்தில் நீதிபதிகளுக்குள் தகராறு இருந்தது. கிளிபர்ன் செய்தது தப்பு என்பதில் ஒருவருக்கும் இல்லை. கறுப்பரான நீதிபதி தர்குட் மார்ஷல் தனியாக எழுதிய குறிப்பில், இந்த மனிதர்களை ஒதுக்கிய சரித்திரத்தைக் கறுப்பர்களை ஒதுக்கிய சரித்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார்.

அதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சரித்திரம் ஞாபகம் வந்தது.

தூரத்தை அடிக்கணக்கில் அளப்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பா என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் பற்றிய பதிவுகளில் பட்டியலே இருக்கிறது. பனையேறும் மக்கள் நம்பூதிரியிடமிருந்து 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர்கள் 96 காலடி. அந்த 36 காலடிக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்களின் இனத்தார்தான் இந்தப் பக்கத்தில் பேட்டைகள் அமைத்து, உறவின்முறை வைத்து, மகமை வசூலித்து, பள்ளிக்கூடம் கட்டி, விருதுநகரையும் சிவகாசியையும் வியாபார ஊர்களாக ஆக்கினார்கள். ஆக்கிய பிறகும் சும்மா விட்டார்களா? கோயிலுக்குள் யார் வரலாம் என்ற தகராறில் 1899 ஜூன் 6-ம் தேதி சிவகாசியே எரிந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் சாம்பல். அந்த ஊரிலிருந்துதான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாதய்யர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு போனாரே, அந்தச் சின்னக் கூட்டத்தில் விருதுநகர்க்காரர் ஒருவரும் இருந்தார். அவர் பெயரும் சண்முக நாடார்தான். வேறு சண்முக நாடார்.

எதிர் வீட்டு அண்ணாச்சிக்கு இந்தக் கதையெல்லாம் தலைகீழ்ப் பாடம். கூப்பிட்டு உட்கார வைத்தால் மணிக்கணக்கில் சொல்வார். கண் கலங்கும். ஃபைலோடு வந்த அன்றைக்கு அவருக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

*

கிளிபர்ன் தீர்ப்பு வந்த 1985-ல்தான், மார்ச் 15-ம் தேதி, பெரிய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து எங்கள் மாவட்டம் பிரிந்தது. அப்போது பெயர் காமராஜர் மாவட்டம். அதுவரைக்கும் நாங்களும் ஏர்வாடியும் ஒரே மாவட்டம். ஏர்வாடி என்று சொன்னால் உங்களுக்கு 2001 ஆகஸ்ட் 6 ஞாபகம் வரவேண்டும்.

மனநோய் வந்தவரை எந்தத் தெருவும் வைத்துக்கொள்ளாது. வீட்டில் கல்யாண வயதில் தங்கை இருப்பாள். வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். மருத்துவமனையில் மாதக்கணக்கில் வைக்க முடியாது. கடைசியில் தர்காவில் நேர்ந்துகொண்டு அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். எல்லா மதத்துக்காரர்களும்தான். தர்காவைச் சுற்றிக் கொட்டகை போட்டு, மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஆட்களை வைத்திருக்கும் தனியார் இல்லங்கள் முளைத்தன. இரவில் ஓடிப்போகாமல் இருக்கக் காலில் சங்கிலி. அன்று விடியற்காலையில் ஓர் இல்லத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. 28 பேர்.

பட்டாசு ஆலையில் நாலு பேருக்கு ஓர் அறை, தப்பி ஓட வாசல் என்று விதி எழுதிய அதே அரசாங்கத்தின் கண்ணெதிரில்தான் இது நடந்தது. மருந்துக்கு இருந்த விதி மனிதனுக்கு இல்லை.

சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்காக எடுத்தது. விசாரணைக் கமிஷன் வந்தது. அங்கிருந்த இல்லங்களை மூடினார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வெளியே கொண்டு வந்தார்கள். சரி, வெளியே என்றால் எங்கே? வீட்டார் வந்து கூட்டிப்போனவர்கள் போக, ஒரு பகுதியினர் சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்குப் போனார்கள்.

கீழ்ப்பாக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1794-ல் புரசைவாக்கம் பக்கம் வாலன்டைன் கனோலி என்கிற டாக்டர் ஆரம்பித்த மனநோயாளிகள் இல்லம்தான் அதன் வேர். இடம் போதாமல் 1871-ல் லோகாக் தோட்டம் என்ற பெரிய தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அறுபத்தாறரை ஏக்கர். 145 நோயாளிகள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே. அப்புறம் ஊர் நகர்ந்து நகர்ந்து அதைத் தேடிக்கொண்டு வந்தது. சுற்றிலும் பங்களா, ஃபிளாட், ஷாப்பிங் சென்டர். யாரும் 'கீழ்ப்பாக்கத்தில் ஃபிளாட் சல்லிசு, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மெட்ராஸில் விலை ஏறின இடங்களில் அதுவும் ஒன்று. பேச்சில் மட்டும்தான் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று அந்த ஊரையே வசவாக்கினோம்.

இந்தச் சங்கதியில் ஒரு பி.காம்.காரனுக்கு இருக்கும் அக்கறை உங்களுக்குப் புரியும். விலை இறங்குமா, இறங்காதா? அமெரிக்காவிலும் கனடாவிலும் 1970-களிலிருந்து திரும்பத் திரும்ப இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட இல்லம் வந்த தெருக்களில் வீட்டு விலையை, வருவதற்கு முன், வந்ததற்குப் பின் என்று எடுத்து, இல்லம் வராத தெருக்களோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான ஆய்வுகளில் சொல்லிக்கொள்ளும்படி எந்த வித்தியாசமும் இல்லை. ஆக, அன்று நான் மனசுக்குள் போட்ட பாலன்ஸ் ஷீட்டுக்கு வவுச்சர் கிடையாது.

இதெல்லாம் பழைய கதை, ஜனங்கள் இப்போது மாறிவிட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? 2021, மும்பை. டாடா கேன்சர் ஆஸ்பத்திரிக்கு நாடு முழுவதிலுமிருந்து வருகிற நோயாளிகளின் உறவினர்கள் ராத்திரி பிளாட்பாரத்தில் படுக்கிறார்களே என்று, மகாராஷ்டிரா வீட்டு வசதி வாரியம் நூறு ஃபிளாட்டுகளை ஒதுக்கியது. மே மாதம் சாவியும் கொடுத்தாகிவிட்டது. அந்தக் குடியிருப்புக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். தொகுதி எம்.எல்.ஏ. முதலமைச்சரிடம் போனார். ஜூனில் உத்தவ் தாக்கரே உத்தரவை நிறுத்தி வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, மறுநாளே பாம்பே டையிங் மில் பக்கம் வேறு நூறு ஃபிளாட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள். கேன்சர் தொத்துவியாதி இல்லை என்பது அந்தக் குடியிருப்பில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வரவிருந்தவர்களில் பலர் நோயாளிகள்கூட இல்லை, கூட வந்தவர்கள்!

நம் சட்டம் இந்த விஷயத்தில் ரொம்பவே முன்னால் போய்விட்டது. 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவருக்குச் சமூகத்தின் நடுவில் வாழ உரிமை உண்டு, ஒதுக்கி வைக்கக்கூடாது என்கிறது. வீட்டார் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. அவர்கள் தங்கிப் பழக, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் இல்லங்கள் வேண்டும் என்கிறது. அதே வருஷம் சுப்ரீம் கோர்ட்டும் மாநிலங்களிடம் அதையே சொன்னது. எல்லாம் சரி. அந்த இல்லம் ஏதோ ஒரு தெருவில்தானே வரவேண்டும்? அந்தத் தெருவில் ஓர் அண்ணாச்சி ஃபைலோடு இருப்பாரே!

ஆட்சேபணை சொல்கிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்தைத் திறந்து பார்த்தபோது என்னென்ன புகார்கள் வந்தன என்று படித்திருப்பீர்கள். நூறு பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். உரிய உரிமமே இல்லை. பக்கத்தில் இப்படி ஓர் இடம் வருகிறதென்றால் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும். லைசென்ஸ் உண்டா? டாக்டர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருவார்? கதவை வெளியே பூட்டுகிறீர்களா, உள்ளேயா? தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவார்கள்? இந்தக் கேள்விகளை அக்கம்பக்கத்துக்காரர்கள் கேட்டிருந்தால் ஏர்வாடியில் அந்தச் சங்கிலிகள் அவிழ்ந்திருக்கலாம்.

எங்கள் மனுவின் பதினோரு காரணங்களில் இந்தக் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே எங்களைப் பற்றியது. எங்கள் தண்ணீர், எங்கள் ரோடு, எங்கள் பிள்ளைகள். உள்ளே இருக்கப்போகிற இருபது பேருக்குத் தண்ணீர் வருமா என்று யோசித்தவர்கள் நாங்கள் யாரும் இல்லை.

அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மா எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தார். என் வீட்டுக்கும் வந்தார். நான் உள்ளே இருந்துகொண்டே, ''வெளியூர் போயிருக்காங்கன்னு சொல்லு'' என்று வீட்டில் சொல்லிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கேட்டில் நின்றார். தபால் பெட்டியில் ஒரு நோட்டீஸைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதில் இருபது பேரின் முதல் பெயரும் வயதும், என்ன வேலை தெரியும் என்பதும் அச்சடித்திருந்தது. ஒருவருக்கு லெட்ஜர் எழுதத் தெரியும் என்று இருந்தது. காமர்ஸ்காரர் போல!

மாற்றம் கிடைக்கவில்லை. மனையை விற்றுவிட்டு அவர்கள் எங்கோ போய்விட்டார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த மனையில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்கும் நில உபயோக மாற்றம் வாங்கினார்கள். பேப்பரில் பொடி எழுத்தில் விளம்பரம் வந்தது. ஆட்சேபணை ஒன்றும் இல்லை. முகூர்த்த நாளில் ரோட்டின் இரண்டு பக்கமும் கார் நிற்கும், ஆம்புலன்ஸ்கூடத் திரும்ப முடியாது. எச்சில் இலை எங்கள் சாக்கடையில் வந்து நிற்கும். மாப்பிள்ளை அழைப்பு வரும்போது, நர்சரி ஸ்கூல் சுவரோரமாகப் பத்தாயிரம் வாலாவை நீட்டமாக விரித்துப் பற்ற வைப்பார்கள். சரம் எங்கள் வாசல் வரைக்கும் வரும். எதிர் வீட்டு அண்ணாச்சி பேரப்பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, காதைப் பொத்தி விட்டுப் பார்க்கச் சொல்வார்.